இரண்டாம் எண்ணிலிருந்து வந்த பதில்

பிப்ரவரி 11, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். வகுப்பு முடிந்ததும் கணினியை அணைக்கச் சொன்னார்கள். நான் திரையின் பொத்தானை அமுக்கினேன். திரை கறுத்ததும் எல்லாம் அணைந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். மேசைக்கு அடியில் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. திரை காட்டுவதோடு சரி. கணக்குப் போடுவதும் நினைவில் வைப்பதும் கீழே இருக்கும் பெட்டி. முதல் வாரமே இதைச் சொன்னார்கள். நானும் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைத்தது மட்டும்தான் போலிருக்கிறது.

பேனாவை மூடிவிட்டு அவள் அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படித்தாள். அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடித்தால் அடித்ததற்கும் ஒரு காரணம் எழுத வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வகுப்பில் அவளுக்குச் சந்தேகம் என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும், "எனக்கு ஒரு சந்தேகம்" என்று கை தூக்குவாள். பின் பெஞ்சில் உட்காரும் வெல்டர் அண்ணன்தான் அந்தப் பெயரை வைத்தவர். அவள் வரத் தாமதமானால், "இன்னும் சந்தேகம் வரலையே" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

பாடம் எடுக்கும் பெண்ணுக்கு அவளைவிட ஒரு வயது குறைவு. பகலில் தொலைபேசிக் கம்பெனிக்காக ஏணியில் ஏறிக் கேபிள் இழுப்பவள். மாலையில் கையைக் கழுவிக்கொண்டு வந்து பாடம் நடத்துவாள். விரல் இடுக்கில் கறுப்பு டேப்பின் பசை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் எல்லாரும் மேடம் என்றே கூப்பிட்டார்கள்.

அன்று மேடம் சொல்லிக் கொடுத்தது, ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்க்கும் வித்தை.

"இதுக்குப் பேரு பிங். பெரிசா ஒண்ணும் இல்ல. தெருவுல நின்னு, 'வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?'ன்னு கத்துற மாதிரி. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் இருக்குன்னு போன வாரம் பார்த்தோம்ல? அந்த நம்பரைப் போட்டுக் கூப்பிட்டா, 'இருக்கேன்'னு பதில் வரும். வந்தா வழி நல்லா இருக்கு. வரலைன்னா எங்கயோ அறுந்திருக்கு."

கை உயர்ந்தது.

"வந்தாச்சுப்பா," என்றார் வெல்டர் அண்ணன்.

"எனக்கு ஒரு சந்தேகம், மேடம். பதில் சொல்றது நாம கூப்பிட்ட ஆள்தான்னு எப்படித் தெரியும்?"

"ராங் நம்பர் மாதிரியா?" என்று வெல்டர் அண்ணன் எடுத்துக் கொடுத்தார்.

மேடம் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள். "தெரியாது. அந்த நம்பர்ல யாரோ இருக்காங்க, அவ்வளவுதான் தெரியும். யாருன்னு பிங் சொல்லாது."

அந்த வரியையும் அவள் எழுதிக்கொண்டாள். எழுதும்போதே, இது தனக்குப் புரிந்துதான் எழுதுகிறோமா என்று வழக்கம்போல் ஒரு குடைச்சல்.

*

பகலில் அவள் வேலை பார்த்தது அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கடையில். ரயில் பெட்டி மாதிரி நீளமும் குறுகலுமான கடை. வாசல் பக்கம் கவுண்டர், கண்ணாடி அலமாரிகளில் ஃபிரேம்கள். நடுவில் திரைச்சீலை போட்ட இருட்டறை. அங்கே அத்தை கண் பரிசோதிப்பாள். கடைசியில் லென்ஸ் அறை, மாமாவின் ராஜ்யம். அத்தையின் கணவர் பேச்சில் சிக்கனம், வேலையில் தாராளம். காதில் எப்போதும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கவுண்டரில் கணினி. அதன் பக்கத்தில் கைப்பிடி அளவு ஒரு கருவி. ஃபிரேமை அதில் மாட்டினால், ஒரு ஊசிமுனை ஃபிரேமின் உள்விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வடிவத்தை அளந்துவிடும். அந்த வடிவம் கணினி வழியாக லென்ஸ் அறைக்குப் போகும். அங்கே உள்ள இயந்திரம் அதே வடிவத்துக்கு லென்ஸை வெட்டித் தரும். கவுண்டருக்கும் லென்ஸ் அறைக்கும் நடுவே, இருட்டறைக் கதவுக்கு மேல் பலகையில் உட்கார்ந்திருக்கும் சின்ன ரவுட்டர் பெட்டிதான் தபால்காரர். கணினியும் இயந்திரமும் அதில்தான் கேபிளால் கோக்கப்பட்டிருந்தன.

கடையை மூடும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது அத்தையின் வழக்கம். ஃபிரிட்ஜ் இல்லை, மீன்தொட்டி இல்லை, ராத்திரி முழுக்க யாருக்கு மின்சாரம் என்பாள். எங்கோ ஒரு கடை மின்கசிவில் எரிந்ததைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இது சட்டமாகிவிட்டது. காலையில் அத்தை சுவிட்சை ஏற்றுவாள். மாமா நேரே உள்ளே போய் இயந்திரத்தைப் போடுவார். அதற்குப் பிறகுதான் கவுண்டர் கணினி. கடை திறந்த காலம்தொட்டு இதே வரிசை.

புதன்கிழமை காலை அவள் சீக்கிரமே வந்து மாற்றுச் சாவியால் கடையைத் திறந்தாள். செவ்வாய் வகுப்பின் சூடு ஆறாமல் இருந்தது. சுவிட்சை ஏற்றும் முன் கவுண்டர் கணினியின் பின்பக்கத்தை ஒரு கை பார்த்துவிடலாம் என்று எல்லாக் கேபிளையும் பிடுங்கி, தூசி துடைத்து, எது எங்கே இருந்தது என்று வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்துத் திரும்பச் செருகினாள். அத்தை உள்ளே வரும்போது அவள் கால் மட்டும்தான் மேசைக்கு வெளியே தெரிந்தது.

"ஏண்டி, காலங்காத்தால அங்க என்ன நோண்டிக்கிட்டு இருக்க?"

"தூசி, அத்தை."

"தூசி அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதை ஏன் தொடுற?"

அத்தை மெயின் சுவிட்சை ஏற்றிய நேரம் மாமா வந்தார். அன்று அவர் முகத்தில் ஒரு பளபளப்பு. வெளியூரில் இருக்கும் மகள் புது போன் வாங்கி அனுப்பியிருந்தாள். கவுண்டர் முன்னாலேயே நின்று, அத்தையிடம் பாஸ்வேர்டு கேட்டு வைஃபையில் சேர்த்து, மகள் அனுப்பிய வீடியோவை மூவரும் பார்த்தார்கள். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாமா உள்ளே போனார்.

பத்து மணிக்கு டிரைவரம்மா வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுபவள், நாற்பதைத் தாண்டியவள், குரலே ஹாரன். கண்ணாடியின் ஒரு பக்க லென்ஸில் குறுக்கே விரிசல். மேலே ஸெல்லோ டேப் ஒட்டியிருந்தாள். போன வாரம் மகன் அதன்மேல் உட்கார்ந்துவிட்டானாம்.

"லென்ஸ் வந்துடுச்சா?"

"இன்னிக்கு மத்தியானம் பார்சல் வருது. சாயங்காலம் வந்து வாங்கிக்கோ," என்றாள் அத்தை.

"சாயங்காலம் கண்டிப்பாக் கிடைச்சுடும்ல? நாளைக்குக் காலையில டிப்போவுல கண் பரிசோதனை. பாஸ் ஆனாத்தான் வெளியூர் வண்டி கொடுப்பாங்க. இத்தனை வருஷமா ஊருக்குள்ளயே செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கேன். நாளைக்கு விட்டா அடுத்த ஆள் ஏறி உட்கார்ந்துடுவான். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"ஆறு மணிக்கு உன் மூக்குல இருக்கும்," என்றாள் அத்தை.

அத்தை வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். டிரைவரம்மா ஃபிரேமைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, படிக்கட்டைக் காலால் தடவித் தடவி இறங்கிப் போனாள். அன்று அவளுக்கு ஓய்வு நாளாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

*

காலை முழுக்கத் திருகு முடுக்குவதும் மூக்குப் பிடி மாற்றுவதுமாகப் போனது. லென்ஸ் வெட்டும் வேலை ஒன்றும் வரவில்லை. பார்சல் வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிப்பதற்கு என்று இரண்டு பார்வைக்கும் சேர்த்துச் செய்த லென்ஸ். அந்தப் பவரில் வேறு எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காது.

அவள் ஃபிரேமைக் கருவியில் மாட்டினாள். ஊசிமுனை சுற்றி வந்தது. திரையில் வடிவம் விழுந்தது. அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினாள்.

உள்ளிருந்து மாமா குரல் கொடுத்தார். "அனுப்பு."

"அனுப்பிட்டேன், மாமா."

"ஒண்ணும் வரல."

மறுபடி அமுக்கினாள். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இயந்திரம் ஏற்கவில்லை என்று ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டியது. அத்தை இருட்டறையிலிருந்து வெளியே வந்து சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"காலையில நீ நோண்டினது."

அது கேள்வி அல்ல. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சர்வீஸ்காரருக்கு அத்தை போன் போட்டாள். அவர் பக்கத்து ஊரில் ஒரு ஆஸ்பத்திரி வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். நாளை மதியத்துக்கு முன் வர முடியாது என்று மன்னிப்புக் கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் வந்து யாருக்கு என்ன?" என்று போனை வைத்தாள் அத்தை. "நெட்டு போயிருக்குமோ?"

"நெட் இருக்கு, அத்தை. பாருங்க." அவள் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினாள். "ஆனா இதுக்கு நெட்டே தேவையில்ல. நெட்டுங்கறது ரவுட்டர்லேர்ந்து வெளியில போற வழி. நமக்கு வேண்டியது கவுண்டர்லேர்ந்து ரவுட்டர், ரவுட்டர்லேர்ந்து மாமா. அது வீட்டுக்குள்ள ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்து போற மாதிரி. வாசல் கதவு பூட்டியிருந்தாலும் போகலாம்."

"அப்ப ஏன் போகல?"

"பார்க்கறேன், அத்தை."

அவள் ஒரு தாளை எடுத்தாள். பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து வரிசைப்படி போவது. முதலில் கேபிள். கவுண்டர் பக்கம் நன்றாகச் செருகியிருக்கிறது, பச்சை விளக்கு மினுக்குகிறது. ஸ்டூல் போட்டு ஏறி ரவுட்டரைப் பார்த்தாள். அங்கும் பச்சை. லென்ஸ் இயந்திரத்தின் முதுகிலும் பச்சை. தான் செருகியது எல்லாம் சரியாகவே இருக்கிறது. அது ஒரு ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலால் லென்ஸ் வெட்டுப்படாது.

அடுத்தது பிங். சர்வீஸ்காரர் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். இந்தக் கடைக்குள் இருக்கும் எல்லாவற்றின் எண்ணும் முன்பாதியில் ஒன்றுபோலவே இருக்கும், கடைசிப் பாகம் மட்டும்தான் மாறும். லென்ஸ் இயந்திரத்தின் கடைசிப் பாகம் 2. வகுப்பில் செய்தது மாதிரியே, கட்டளை தட்டச்சு செய்யும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, நிறுத்தச் சொல்லும்வரை கூப்பிட்டுக்கொண்டே இரு என்று கட்டளை கொடுத்தாள்.

பதில் வந்தது. இருக்கேன். இருக்கேன். இருக்கேன். ஒன்றன் கீழ் ஒன்றாக வரிகள் விழுந்தன.

"மாமா, மெஷின் பதில் சொல்லுது!"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றார் மாமா. "இரு, ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்றேன். பாதி வியாதி அதுலயே போயிடும்."

உள்ளே இயந்திரத்தின் முனகல் தேய்ந்து அடங்கியது. அவள் திரையைப் பார்த்தாள்.

இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

"ஆஃப் பண்ணிட்டீங்களா, மாமா?"

"பிளக்கையே புடுங்கிட்டேன்."

இருக்கேன். இருக்கேன்.

அவள் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தாள். இயந்திரத்தின் திரை இருண்டு கிடந்தது. பிளக் தரையில் கிடந்தது. திரும்ப ஓடி வந்தாள். வரிகள் விழுந்துகொண்டே இருந்தன.

அத்தை அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னடி இது? பூட்டின வீட்டுக்குள்ளேர்ந்து குரல் வருது?"

அவளுக்கு முந்தின நாள் வகுப்பு ஞாபகம் வந்தது. அந்த எண்ணில் யாரோ இருக்கிறார்கள். யார் என்று பிங் சொல்லாது. அப்படியானால் இரண்டாம் எண்ணில் உட்கார்ந்திருப்பது இயந்திரம் இல்லை, வேறு யாரோ. வடிவம் எல்லாம் அந்த யாரோவுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஆளுக்கோ ஃபிரேமும் தெரியாது, லென்ஸும் தெரியாது.

இதைச் சத்தமாகச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. இவ்வளவு எளிதாக ஒன்று தனக்குத் தோன்றினால் அது தப்பாகத்தான் இருக்கும் என்பது அவள் அனுபவம்.

"நான் டீ குடிச்சுட்டு வர்றேன்," என்று மாமா வெளியே போனார். கடைக்குக் கஷ்டகாலம் வரும்போது டீக்கடைக்குப் போவது அவர் பழக்கம்.

அவர் தெருவில் நாலைந்து கடை தாண்டியிருப்பார். திரையில் வரிகள் நின்றன. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.

அவள் எதையும் தொடவில்லை. அத்தையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தார். வாசல் படி ஏறும் முன்பே வரிகள் மறுபடி விழத் தொடங்கின.

இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

"மாமா, அங்கயே நில்லுங்க."

மாமா ஒரு காலைப் படிமேல் வைத்தபடி நின்றார்.

"திரும்ப டீக்கடை வரைக்கும் போங்க."

"டீ வாங்கிட்டேனேம்மா."

"போங்க, மாமா, சொல்றேன்."

"என்னங்க, அவ என்னமோ சொல்றா, போய்த்தான் தொலையுங்களேன்," என்றாள் அத்தை.

மாமா போனார். வரிகள் நின்றன. மாமா வந்தார். வரிகள் வந்தன. எதிர்க்கடைக்காரர் தன் வாசலில் வந்து நின்று இந்த நடையை வேடிக்கை பார்த்தார்.

"உங்க சட்டைப் பையில என்ன இருக்கு, மாமா?"

"சீப்பு. பேனா." மாமா பையைத் தொட்டுப் பார்த்தார். "புது போன்."

போனை வாங்கி வைஃபை விவரத்தைத் திறந்தாள். எண்ணின் கடைசிப் பாகம் 2. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அத்தையிடம் நீட்டினாள்.

"அத்தை, நான் அனுப்பின வடிவமெல்லாம் மாமா சட்டைப் பைக்குப் போய்க்கிட்டு இருக்கு."

மாமா சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார், அதில் லென்ஸ் துண்டு ஏதாவது விழுந்திருக்கிறதா என்பதுபோல. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "அது எப்படிடி இவர் மெஷின் நம்பரைத் திருடுவாரு?"

"திருடல. ரவுட்டர் கொடுத்துடுச்சு. கிளாஸ்ல சொன்னாங்க, இந்த நம்பர் எதுவும் யாருக்கும் சொந்தமில்ல, அத்தை. தினமும் காலையில ரவுட்டர் புதுசாக் கொடுக்கும். நீங்கதான் ராத்திரி மெயினை இறக்குறீங்களே, அதுக்கு முந்தின நாள் ஞாபகமே இருக்காது. ஒண்ணு ரவுட்டருக்கே. முதல்ல வர்றவங்களுக்கு ரெண்டு, அடுத்தவங்களுக்கு மூணு. தினமும் மாமா முதல்ல மெஷினைப் போட்டுடுவாரு, அதுக்கு ரெண்டு கிடைச்சுடும். இன்னிக்கு மாமா போன் முந்திக்கிச்சு."

"அப்ப நீ நோண்டினது காரணமில்ல?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன்," என்றாள். பிறகு யோசித்து, "இல்ல," என்றாள்.

வழி இரண்டு இருந்தது. கணினியில் இயந்திரத்தின் எண்ணை மாற்றலாம். அதற்கான பாஸ்வேர்டு சர்வீஸ்காரரிடம் இருந்தது, இப்போது அவர் போனை எடுக்கவில்லை. அல்லது எல்லாவற்றையும் அணைத்து, காலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். மாமா போனில் வைஃபையை அணைத்தாள். கவுண்டர் கணினியை முறையாக மூடினாள். அத்தை மெயினை இறக்கினாள், ஏற்றினாள். ரவுட்டர் கண்விழித்தது. மாமா இயந்திரத்தைப் போட்டார். அது சாவகாசமாக எழுந்திருக்கும் ரகம், உறுமி, தண்ணீர் சுற்றி, தன்னைத்தானே சோதித்துக்கொண்டு எழுவதற்கு ஒரு யுகம் பிடிக்கும். அது எழுந்த பிறகே கணினியைப் போட்டாள்.

வடிவத்தை அனுப்பினாள்.

சிவப்புக் கட்டம்.

அதே நேரம் வாசலில் ஹாரன் குரல். "என்னக்கா, என் மூக்கு காத்துக்கிட்டு இருக்கு!"

டிரைவரம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். அத்தை நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்கார்ந்து மூவர் முகத்தையும் பழைய கண்ணாடி வழியாக மாறி மாறிப் பார்த்தாள். முகம் சரியாகத் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்துவிட்டது.

"ஆகலையா?"

"ஆகும், உட்காரு," என்றாள் அத்தை. குரலில் காலையில் இருந்த உறுதி இல்லை.

கணினி முன்னால் அவள் அந்தச் சிவப்புக் கட்டத்தை மூடினாள். எல்லாம் தப்பாகப் புரிந்துகொண்டு, இத்தனை பேர் முன்னால் பெரிய மனுஷி மாதிரி பேசிவிட்டோமோ? ஒரு கணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்காரலாம் போலிருந்தது. ஆனால் மாமாவின் போன் தெருவில் போகப் போக வரிகள் நின்றதும், வர வர வரிகள் வந்ததும் கண்ணால் பார்த்தது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அதைப் பிடித்துக்கொண்டாள்.

லென்ஸ் அறைக்குப் போய் இயந்திரத்தின் திரையில் அதன் எண்ணைத் தேடினாள். கடைசிப் பாகம் 3. திரும்ப வந்து இரண்டைக் கூப்பிட்டாள். இருக்கேன் என்றது.

"இன்னொருத்தர் உட்கார்ந்திருக்காங்க," என்றாள். "யார்கிட்டல்லாம் போன் இருக்கு?"

"என்னைப் பார்க்காத, நான் உங்க பாஸ்வேர்டைக் கேட்டதே இல்ல," என்றாள் டிரைவரம்மா.

"அத்தை, உங்க போன்?"

"அது பாட்டுக்குப் பையில தூங்குது. நான் தொடவே இல்லையே."

"தூங்கினாலும் நம்பர் வாங்கிட்டுத்தான் தூங்கும். தினமும் கவுண்டர்ல உட்கார்ந்த பிறகுதான் நீங்க வைஃபையைப் போடுவீங்க, அதனால மெஷினுக்கு அப்புறம் வாங்கும். இப்ப அது போட்டபடியே இருந்துச்சு, மெஷின் எழுந்து பல் தேய்க்கிறதுக்குள்ள முந்திக்கிச்சு."

அத்தை கைப்பையைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பாகம் 2. மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்னைச் சட்டைப் பையில பிடிச்சீங்க. இப்ப யாரு?"

"வாயை மூடுங்க," என்றாள் அத்தை.

இம்முறை அவள் ஒரு தட்டை எடுத்தாள். ஃபிரேம் வைத்துக் காட்டும் வெல்வெட் தட்டு. அத்தை போன், மாமா போன், வைஃபையில் சேர்க்காத தன் போன் மூன்றையும் முழுதாக அணைத்து அதில் வைத்தாள். டிரைவரம்மா கேட்காமலே தன்னுடையதையும் அணைத்து வைத்தாள். "எதுக்கு வம்பு?" மெயின் இறங்கியது, ஏறியது. ரவுட்டர். இயந்திரம். எல்லாரும் லென்ஸ் அறை வாசலில் நின்று அது எழுந்திருப்பதைப் பார்த்தார்கள். அவள் அதன் திரையில் எண்ணைப் பார்த்தாள்.

2.

கவுண்டருக்கு நடந்து போனாள். ஓடவில்லை. கணினியைப் போட்டாள், வடிவத்தைத் திறந்தாள், அனுப்பினாள். சிவப்புக் கட்டம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஒரு மூச்சு நேரம் கழித்து உள்ளிருந்து தண்ணீர் பீச்சும் சத்தமும், அதன்மேல் லென்ஸ் தேயும் கீச்சென்ற சத்தமும் கேட்டன.

"வந்துடுச்சு," என்றார் மாமா.

லென்ஸ் ஃபிரேமில் கச்சிதமாக உட்கார்ந்தது. டிரைவரம்மா மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தெருவின் அந்தப் பக்கம் இருந்த மருந்துக்கடையின் பலகையைப் படித்தாள். அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தாள். அதற்கும் கீழே, கதவில் ஒட்டியிருந்த, இங்கே வண்டி நிறுத்தாதீர்கள் என்பதையும் படித்தாள்.

"அடுத்த வாரம் வெளியூர் போகணும்னா என் வண்டியில ஏறுங்க," என்றாள். "எல்லாருக்கும் ஜன்னல் சீட்டு."

டிரைவரம்மா படிக்கட்டைப் பார்த்து, நேராக இறங்கிப் போனாள்.

அத்தை தட்டிலிருந்த தன் போனைப் போட்டாள், உடனே அணைத்தாள், மறுபடி போட்டாள். "இப்பப் போடலாமா?"

"போடலாம். மெஷின் நம்பரை வாங்கிடுச்சு."

"ஆனா தினம் காலையில நான் போனை அணைச்சுக்கிட்டு நிக்க முடியாதுடி. வர்ற கஸ்டமர் போனையெல்லாம் வாங்கி வைக்கவும் முடியாது. மெயினை இறக்காமயும் இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"தெரியும், அத்தை. கேட்டுட்டு வர்றேன்."

"கேட்டுட்டு வா." அத்தை கவுண்டர் நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். "கிளம்பு. கிளாஸுக்கு நேரமாகுது. நான் துடைச்சு மூடிக்கறேன்."

அத்தை அவளைத் துடைக்கவும் மூடவும் விடாமல் அனுப்பியது அதுதான் முதல் முறை.

*

பிப்ரவரி 12, புதன்.

வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். வெல்டர் அண்ணன் வழக்கம்போல் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். மேடம் கரும்பலகையில் கடையை வரையச் சொன்னாள். வரைந்தேன். மாமாவின் சட்டைப் பையையும் வரைய வேண்டியதாயிற்று. எல்லாரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

ரவுட்டருக்குள் ஒரு பக்கம் இருக்கிறதாம். மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தயாரித்த இடத்திலேயே கொடுத்த, மாறாத அடையாளம் ஒன்று உண்டு. அந்த அடையாளத்துக்கு இந்த எண்தான் என்று அங்கே பதிந்துவிட்டால், யார் முந்தினாலும் ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காது. மேடம் ஒரு முறை செய்து காட்டினாள். பிறகு அதை அழித்துவிட்டு என்னைச் செய்யச் சொன்னாள். முதல் தடவையில் ஒரு எழுத்து தப்பு. இரண்டாம் தடவை சரி.

நாளைக்குச் செய்ய வேண்டியது: சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டை வாங்குவது. இயந்திரத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் அடையாளத்தை எழுதிக்கொண்டு, மாமாவை ஒரு முறை படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது. அதற்கு 2 என்று பதிவது. பிறகு மெயினை இறக்கி ஏற்றி, முதலில் போன்களைப் போட்டு, கடைசியில் இயந்திரத்தைப் போட்டு, அப்போதும் 2 அதற்கே கிடைக்கிறதா என்று பார்ப்பது.